முறம் போட்டு இறங்கிய மலை

என் மனைவி என்னிடம் கேட்டது ஒன்றுதான். பனிமலையில் ஒரே ஒரு தடவை நாங்கள் இருவரும் சேர்ந்து மேலே போக வேண்டும், சேர்ந்தே கீழே சறுக்கி வர வேண்டும்.

கேட்ட இடம் புதுச்சேரி கருவடிக்குப்பத்தில் எங்கள் வீட்டுச் சமையலறை. கத்திரி வெயில். மின்விசிறி அனலைத்தான் சுற்றிச் சுற்றி அடித்துக்கொண்டிருந்தது. அவள் தம்பி, அதாவது என் மச்சான், பிரான்சிலிருந்து ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ள வீட்டில் பெண் எடுத்து, அங்கேயே போய்விட்டவன் அவன். மலையடிவாரத்துச் சின்ன ஊர் ஒன்றில், முதியோர் இல்லத்துச் சமையல்கட்டில் வேலை. வீடியோவில், ஊருக்குப் பின்னால் இருந்த ஒரு வெள்ளைச் சரிவில், காலில் இரண்டு நீளப் பலகைகளைக் கட்டிக்கொண்டு அவன் இறங்கி வந்தான். சினிமாவில் காட்டுகிற மாதிரி பெரிய மலை இல்லை. பக்கத்தில் ஒரு கிழவி நாயோடு நடந்து போய்க்கொண்டிருந்தாள். பின்னால் ஒரு மரக்குடிசை. அவ்வளவுதான்.

"அடுத்த வருஷம் கூப்புட்றான். போறோம். போனா இதுல நானும் நீங்களும் ஏறி எறங்கணும்" என்றாள்.

"பாக்கலாம்" என்றேன்.

"நீங்க பாக்கலாம்னா மாட்டேன்னு அர்த்தம்."

அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு ஆரம்பித்தாள். "போட்டிங் போனோம். லைஃப் ஜாக்கெட்டுலாம் போட்டுக்கிட்டு, படகுல ஒரு கால வெச்சிட்டு, திரும்பி வந்தோம். கோயில் திருவிழாவுல ராட்டினம் ஏறினோம். அது கௌம்பறதுக்குள்ள நிறுத்து நிறுத்துன்னு ஊரே பாக்கற மாதிரி கத்துனீங்க. வண்டி ஓட்டக் கத்துக்கிறேன்னு சொன்னேன். வண்டியவே வித்துட்டீங்க, ஹெல்மெட்டோட சேத்து."

"ஹெல்மெட்ட அவன்தான் கேட்டான்."

"இந்தத் தடவையும் பாதில திரும்புனீங்கன்னா, இனிமே ஒங்ககிட்ட எதுவும் கேக்க மாட்டேன். சண்டயும் போட மாட்டேன். கேக்க மாட்டேன், அவ்ளோதான்."

சண்டை போடுவேன் என்று சொல்லியிருந்தால் சமாளித்திருப்பேன். இருபத்தாறு வருடமாக அது எனக்குப் பழக்கம். கேட்கவே மாட்டேன் என்றதைத்தான் சமாளிக்கத் தெரியவில்லை. ஒருத்தி நம்மிடம் எதையும் கேட்பதையே விட்டுவிட்டால், ஒரே வீட்டில் இரண்டு பேர் தனித்தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருப்பது மாதிரிதான்.

நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஏ.சி., ஃபிரிட்ஜ் மெக்கானிக். புதுச்சேரியை ஒட்டிய மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு கம்பெனிகளிலும் டவுனில் வீடுகளிலும் சர்வீஸ் செய்கிறேன். ஓடுகிற இயந்திரம் எதைப் பார்த்தாலும் அது ஓடுவது என் கண்ணில் படாது. எது தளரும், எது அறும் என்பதுதான் முதலில் தெரியும். தொழிலுக்கு அது நல்லது. ராட்டினத்துக்கு நல்லதில்லை.

அந்த மாசி மாதத்துப் பயணத்துக்கு நான் ஆறு மாதம் முன்பே கவலைப்பட ஆரம்பித்துவிட்டேன். முட்டி பெயர்ந்தால் என்ன செய்வது, மூக்கு உறைந்தால் என்ன செய்வது, மலை மேல் இழுத்துப்போகிற கயிறு பாதியில் நின்றுவிட்டால் யார் இறக்குவார்கள். கேட்டுக் கேட்டு மச்சானுக்குச் சலித்துவிட்டது. "மாமா, இங்க எழுபது வயசு ஆளுங்க சறுக்கறாங்க" என்று எழுதினான். எழுபது வயதுக்காரர்கள் பிறந்ததிலிருந்து சறுக்குகிறவர்கள். நாங்கள் பிறந்ததிலிருந்து வியர்க்கிறவர்கள்.

குளிருக்கு ஒரு ஒத்திகை பார்த்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. சேதராப்பட்டில் நான் சர்வீஸ் செய்கிற ஒரு கோல்டு ரூம் உண்டு. இறால் ஏற்றுமதிக்கு வைக்கிற அறை, மைனஸ் பதினெட்டு. மேனேஜரிடம் சொல்லி ஒரு மதிய நேரத்தில் மனைவியைக் கூட்டிப்போனேன். இரண்டு ஸ்வெட்டர், வாங்கி வைத்திருந்த ஜாக்கெட், சிவப்பு மங்கி கேப், கையுறை. வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது. வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த பெண்கள் எங்களை அப்படியே பார்த்தார்கள்.

"இன்னாக்கா, ஜுரமா?"

"இல்லம்மா. ஃபாரின் போறோம்" என்றாள் என் மனைவி.

"இந்த ரூமு வழியாவா போவுது ஃப்ளைட்டு?"

உள்ளே பத்து நிமிடம், இறால் பெட்டிகளுக்கு நடுவில், அவளை மேலும் கீழும் நடக்கவிட்டேன். "மூச்சு விட முடியுதா? வெரல் மரத்துப்போச்சா?" என்று நிமிடத்துக்கு ஒரு முறை கேட்டேன். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் பல் கிட்டிக்கொண்டது. ஒத்திகையில் தெரிந்துகொண்டது ஒன்றுதான், அந்த ஜாக்கெட்டுகளில் ஏறிய இறால் வாசனை துவைத்தாலும் போகாது. பாரிஸில் ரயில் ஏறியபோது எதிர் இருக்கையில் இருந்தவர் தன் பையைத் திறந்து எதையோ தேடினார். தன் சாப்பாடுதான் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்திருப்பார்.

மச்சான் வீட்டுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. மறுநாள் காலையில்தான் ஜன்னலைத் திறந்து பனியைப் பார்த்தேன். கூரை, சுவர், நிறுத்திய கார், எல்லாவற்றின் மேலும். முதலில் எனக்கு அழகாகவே தோன்றவில்லை, தப்பாகத் தோன்றியது. என் கணக்கில் ஐஸ் படிந்திருந்தால் எங்கேயோ கதவு சரியாக மூடவில்லை, தெர்மோஸ்டாட் வேலை செய்யவில்லை என்று பொருள். சுரண்டி எடுத்துத் துடைக்க வேண்டும். கை அரித்தது. கீழே இறங்கிப்போய் சுவர் மேலிருந்து ஒரு பிடி எடுத்தேன். ஃப்ரீசர் ஐஸ் மாதிரி கையில் ஒட்டவில்லை, பழைய வாடையும் இல்லை. ஊதினால் பறந்தது. யாருடைய ரிப்பேரும் இல்லாத ஐஸை என் வாழ்க்கையில் அன்றுதான் தொட்டேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

காலை உணவின்போது மச்சான் ஒரு செய்தி சொன்னான். அந்த வருடம் பனி குறைவாம். சின்ன மலை என்பதால் பனி இருக்கும் நாளில் மட்டும்தான் திறப்பார்களாம். "ஞாயித்துக்கிழமையோட மூட்றாங்க. அத மேரிதான் நடத்துது. நோட்டீஸ் ஒட்டிட்டாங்க."

என் மனைவியின் முகம் அப்படியே மலர்ந்தது. "மாதாவா நடத்துது?" என்றாள்.

மச்சான் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தான். புதுச்சேரிக் கடற்கரையில் மேரி என்று ஒரு கட்டடம் உண்டு. மேரி என்றால் பிரெஞ்சில் நகராட்சி அலுவலகம். அது மாதா பேரில் கட்டியது என்றுதான் இத்தனை வருடமும் அவள் நினைத்திருக்கிறாள். கல்யாணமாகி விழுப்புரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த நாளிலிருந்து, அந்தக் கட்டடத்தைத் தாண்டும்போதெல்லாம் நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வாள். எதற்குப் போடுகிறாள் என்று நான் கேட்டதே இல்லை. எதிரே கடல் இருக்கிறதே, அதற்காக இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

"அக்கா, மேரின்னா முனிசிபாலிட்டி!"

"அப்ப நான் இத்தினி வருஷமா முனிசிபாலிட்டிக்கா சிலுவ போட்டேன்?"

"அதான் நம்ம தெருவுல தண்ணி ஒழுங்கா வருது" என்றேன்.

அவள் சிரித்துக்கொண்டே என் தோளில் அடித்தாள். ஆனால் என் கவலை கூடிவிட்டது. மாதா நடத்துகிறாள் என்றால் கொஞ்சம் நம்பியிருப்பேன். முனிசிபாலிட்டி கயிறு என்றால் டெண்டர் விட்டு வாங்கிய கயிறு. அது மட்டுமில்லை, ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் இருந்தது. வாரத்தில் மற்ற நாளில் மச்சானுக்கு வேலை. அன்று முடியவில்லை என்றால் முடியவில்லைதான்.

ஞாயிறன்று பூசைக்குப் போய்விட்டு அப்படியே மலைக்குப் போனோம். காரில் பத்து நிமிடம். புதுச்சேரியில் மலையே கிடையாது, உயரம் என்றால் எங்களுக்கு லைட் ஹவுஸ்தான். அதை ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு அடுக்கினால் இந்தச் சரிவு வரும். அடிவாரத்தில் சமதரையாக ஒரு திடல், ஒரு மரக்குடிசை, மேலே போகும் ஒரு கம்பிக் கயிறு. கயிற்றில் வரிசையாகக் கழிகள் தொங்கின. ஊர்க்காரர்கள் இருபது முப்பது பேர் இருந்தார்கள். எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்திருந்தது. ஒரு தாத்தா ஜீன்ஸ் பேண்ட்டோடு சறுக்கிக்கொண்டிருந்தார். ஒரு பெண் குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு சூப் குடித்துக்கொண்டிருந்தாள்.

எல்லாவற்றையும் நடத்தியது ஒரே ஒரு அம்மாதான். அறுபது வயது இருக்கும், நல்ல வாட்டசாட்டம். டிக்கெட் கிழிப்பது அவர், பூட்ஸ் அளவு பார்ப்பது அவர், கயிற்று மோட்டாரை ஓட்டுவது அவர், சூப் ஊற்றுவதும் அவர். மற்ற நாளில் ஊர்ப் பள்ளிக்கூட பஸ்ஸை ஓட்டுகிறவராம். எங்கள் இரண்டு டிக்கெட்டும் சேர்ந்து, வருகிற வழியில் ரயில் நிலையத்தில் தின்ற சான்ட்விச்சை விட மலிவு. பலகையும் பூட்ஸும் ஊர்ச் சறுக்குச் சங்கத்துப் பழசு, வாடகை பேருக்குத்தான்.

பூட்ஸ் போட்டதும் என் கால் என் காலாக இல்லை. சிமெண்ட் தொட்டியில் நின்ற மாதிரி இருந்தது. பலகையை மாட்டியதும் அதுவாகவே பின்னால் போக ஆரம்பித்தது. "மச்சான், புடிங்க! புடிங்க!" என்று கத்திக்கொண்டே உட்கார்ந்துவிட்டேன். அது முதல் தடவை.

மச்சான் திடலில் எங்களுக்குப் பாடம் நடத்தினான். நிற்க வேண்டும் என்றால் இரண்டு பலகையின் முன்நுனியும் பக்கத்தில் வர வேண்டும், பின்பக்கம் அகல விரிய வேண்டும். அதற்குப் பிரெஞ்சில் ஏதோ பேர் சொன்னான், எங்கள் வாயில் நுழையவில்லை. "பீட்சா துண்டு மாதிரிக்கா. பசங்களுக்கு அப்பிடித்தான் சொல்லிக் குடுப்பாங்க" என்றான்.

"எந்தப் பக்கம் கடிக்கிறது?" என்றாள் என் மனைவி.

"கடிக்க வேணாம்க்கா. முன்னாடி ஒடுங்கணும், பின்னாடி வாயி அகலமா இருக்கணும்."

அவள் காலைப் பார்த்தாள், யோசித்தாள். "மொறம்னு சொல்லேண்டா!" என்றாள்.

சொன்னவள் அப்படியே செய்துவிட்டாள். புடைக்கிற முறத்தின் வடிவம் அவள் கைக்குத் தெரியும், கையிலிருந்து காலுக்குப் போக அதிக நேரம் ஆகவில்லை. திடலின் லேசான சாய்வில் நான்கடி சறுக்கி, முறம் போட்டு, நின்றாள். நின்ற பிறகு இரண்டு கையையும் தூக்கினாள். எனக்கும் அதைத்தான் சொன்னாள். "மொறம் போடுங்க! அகட்டுங்க! ஐயோ, அது மொறம் இல்ல, தொடப்பம்!"

காலை முழுக்கத் திடலில் "மொறம்! மொறம்!" என்ற சத்தம்தான். குடிசை வாசலில் நின்ற அந்த அம்மா மச்சானைக் கூப்பிட்டு அது என்ன என்று விசாரித்தார். அவன் கையால் புடைத்துக் காட்டி விளக்கினான். அவருக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. அதற்கப்புறம் யார் வேகமாக இறங்கி வந்தாலும், ஊர்க்காரர்களாகவே இருந்தாலும், "மொறோம்! மொறோம்!" என்று கத்த ஆரம்பித்தார். ஜீன்ஸ் போட்ட தாத்தாவும் பதிலுக்கு "மொறோம்!" என்றபடியே எங்களைக் கடந்து போனார்.

மதியத்துக்குள் நான் ஏழு தடவை விழுந்திருந்தேன். மனைவி இரண்டு தடவை. "இப்ப மேல போவலாமா?" என்று கேட்டாள். நான் குடிசைப் பக்கம் பார்த்தேன்.

"ஒரு சத்தம் வருது, கேக்குதா? ங்ங்ங்ன்னு. கயித்து மோட்டாரு பேரிங் போவப்போவுது."

"மாமா, எங்க போனாலும் மோட்டாரு கிட்ட போயி நிக்காதீங்க" என்றான் மச்சான்.

ஆனால் எனக்குக் கேட்டது பொய் இல்லை. முப்பது வருடக் காது. அந்த அம்மாவிடம் போய்க் காதைத் தொட்டு, மோட்டாரைக் காட்டி, முகத்தைச் சுளித்து எல்லாம் செய்தேன். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு என் கையைப் பிடித்து மோட்டார் பக்கம் கூட்டிப்போகாமல் குடிசைக்குள் கூட்டிப்போனார். மூலையில் ஒரு பழைய ஃபிரிட்ஜ், முனகிக்கொண்டு. மேலே கண்ணாடிக் குவளைகள் நடுங்கிக்கொண்டிருந்தன.

குடிசைக் கதவைத் திறந்தால் வெளியே கணுக்கால் ஆழத்துக்கு ஐஸ். உள்ளே ஜூஸ் வைக்க ஒரு ஃபிரிட்ஜ். அதன் கதவில் வேறு, ஐஸ் படிந்தால் சுரண்டும் பிளாஸ்டிக் கத்தி நூலில் கட்டித் தொங்கியது. நான் அந்த பூட்ஸோடு சுவரில் சாய்ந்து நின்று, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். அவருக்கும் காரணம் புரிந்திருக்க வேண்டும், அவரும் சிரித்தார். ஃபிரிட்ஜின் பின் கால் ஒன்று தரையில் படவில்லை, அதுதான் சத்தம். ஒரு அட்டையை மடித்து அடியில் கொடுத்தேன். சத்தம் நின்றது. எனக்கு ஒரு குவளை சூப் கிடைத்தது.

பேரிங் காரணம் போய்விட்டது. ஆனால் எனக்கு வேறு காரணங்கள் இருந்தன. சூப் குடித்துவிட்டுப் போகலாம் என்றேன். குடித்ததும் வயிறு நிறைந்திருக்கிறது என்றேன். கீழேயே இன்னும் ஒரு சுற்று பழகிவிட்டு என்றேன். மனைவி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். மூன்றாவது தடவைக்கு அப்புறம் அவள் தலையாட்டவில்லை. நாலரைக்குக் கயிற்றை நிறுத்திவிடுவார்கள் என்று குடிசையில் எழுதியிருந்தது. மணி மூணே முக்கால். நான் பெஞ்சில் உட்கார்ந்து பூட்ஸின் கொக்கியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தபோது பக்கத்தில் அவள் இல்லை.

அந்தச் சிவப்பு மங்கி கேப் கயிற்றில் தொங்கிய கழியைப் பிடித்துக்கொண்டு மலை மேல் போய்க்கொண்டிருந்தது. தனியாக. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"மச்சான், ஒங்க அக்கா போறா!"

"ஆமா மாமா, நாந்தான் ஏத்திவுட்டேன். நீங்க வர மாட்டீங்க, தொந்தரவு பண்ணாதன்னு சொல்லிச்சி."

தொந்தரவு பண்ணாதே என்று அவள் கோபத்தில் சொல்லியிருக்க மாட்டாள். சாதாரணமாகத்தான் சொல்லியிருப்பாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கேட்க மாட்டேன் என்றாளே, அது வீட்டுக்குப் போனபிறகு தொடங்கப்போகிற ஒன்று என்று நினைத்திருந்தேன். அது தொடங்கிவிட்டிருந்தது. அவள் மேலே விழுந்து எலும்பு முறிந்து கிடப்பதை நான் ஒரு பக்கம் நினைத்தேன். அவள் விழாமல் தனியாக அழகாக இறங்கி வந்து, என்னைத் தாண்டிப் போவதையும் நினைத்தேன். இரண்டாவதுதான் அதிகம் பயமாக இருந்தது.

கொக்கியை மாட்டிக்கொண்டு, தத்தித் தத்திக் கயிற்றடிக்குப் போய் நின்றேன். அந்த அம்மா ஒரு கழியை இழுத்தார். நுனியில் ஒரு வட்டத் தட்டு. அதை என் கால்களுக்கு நடுவில் செருகிவிட்டார்.

"ஒக்காந்துடாதீங்க மாமா! நின்னுக்கினே போவணும், அது தள்ளிக்கினு போவும்!" என்று மச்சான் கத்தினான். "பின்பக்கத்த வெச்சி இதுக்கு இங்க ஒரு பேரு இருக்கு. தமிழ்ல சொன்னா அக்கா அடிக்கும்!"

ஒரு வெட்டு வெட்டி இழுத்தது. உயிர் ஒரு கணம் கீழேயே நின்று, பிறகு ஓடி வந்து சேர்ந்துகொண்டது. இரண்டு பக்கமும் பைன் மரங்கள். பலகை பனியில் உரசுகிற சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. எனக்கு முன்னால் இரண்டு கோடுகள் நேராகப் போயின, அவள் போன தடம். என் பலகைகளை அதிலேயே வைத்துக்கொண்டேன். பயந்துகொண்டுதான் இருந்தேன். ஆனால் போய்க்கொண்டும் இருந்தேன். இரண்டும் ஒரே நேரத்தில் முடியும் என்று எனக்கு அதுவரை யாரும் சொல்லவில்லை.

மேலே போனதும் என்ன செய்வது என்று மச்சானிடம் கேட்க மறந்துவிட்டேன். கயிறு ஒரு பெரிய சக்கரத்தைச் சுற்றித் திரும்புவது தெரிந்தது. நான் கழியை இறுக்கிப் பிடித்தேன். மரத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கியிலிருந்து அந்த அம்மாவின் குரல் வெடித்தது. "லாஷே! மெஸ்யூ, லாஷே!"

எனக்குப் பிரெஞ்சு தெரியாது. ஆனால் அந்தச் சொல் தெரியும். டவுனில் ஒரு சொல்தா வீட்டு ஏ.சி.யை வருடம் இரண்டு முறை சர்வீஸ் செய்வேன். பிரெஞ்சு ராணுவத்திலிருந்து வந்து பென்ஷன் வாங்குகிறவர்களை ஊரில் சொல்தா என்போம். அந்தப் பெரியவர் தன் நாயோடு பிரெஞ்சில் மட்டும்தான் பேசுவார். அது ஒவ்வொரு தடவையும் என் செருப்பைக் கவ்விக்கொண்டு போகும். அவர் "லாஷ்!" என்று ஒரு அதட்டல் போட்டால் அப்படியே போட்டுவிடும். லாஷ் என்றால் விடு.

நாய் செய்ததையே நானும் செய்தேன். விட்டேன். கழி துள்ளிக்கொண்டு போயிற்று. நான் பக்கவாட்டில் உருண்டு, என் மனைவியின் பலகைகளுக்கு முன்னால் போய் விழுந்தேன்.

அவள் ஒரு பைன் மரத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

"வந்துட்டீங்களா?" என்றாள். குரல் மெலிதாக வந்தது.

"ஏன் தனியா வந்த?"

"நீங்க கொக்கி மாட்டிக்கினு இருந்தீங்க."

"கூப்புட்றதுதான?"

"கேக்க மாட்டேன்னு சொன்னேன்ல."

நான் பனியைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்தேன். எழுந்து நின்றபிறகுதான் கவனித்தேன். அவள் கைகள் மரத்தை விடவில்லை.

"எறங்குலியா?"

"காலு வர மாட்டேங்குது. கீழ பாருங்க. அங்கேர்ந்து பாக்கச் சொல்ல இம்மாம் பெருசா தெரியல. இங்கியே நின்னுக்கினு இருக்கேன். ரெண்டு பேரு வந்து எறங்கிப் போயிட்டாங்க."

எங்கள் வீட்டில் பயம் என்பது என் இலாகா. கல்யாணமான நாளிலிருந்து அதை நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அவளுக்கு விட்டுக்கொடுத்ததே இல்லை. இப்போது அதை அவள் எடுத்துக்கொண்டு நிற்க, எனக்குச் செய்ய ஒன்றுமில்லாமல் போய்விட்டது. சரிவைப் பார்த்தேன். அதில் ஆகக்கூடியதை எல்லாம் ஆறு மாதமாக யோசித்து வைத்திருந்தேன். புதிதாக எதுவும் இல்லை.

"இங்க பாரு. விழுவோம். அது நிச்சயம். ஒனக்கு விழத் தெரியாது, காலைலேர்ந்து ரெண்டு தடவதான் விழுந்த. நான் பதினோரு தடவ விழுந்துருக்கேன். நான் சொல்றேன் கேளு. கைய ஊனாத. சைடுல ஒக்கார்ற மாதிரி சாஞ்சிடு. ஒண்ணும் ஆவாது."

"ஒண்ணும் ஆவாதா? நீங்களா சொல்றீங்க?"

"நாந்தான்."

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். பிறகு மரத்திலிருந்து ஒரு கையை எடுத்து என் ஜாக்கெட்டின் பின்பக்கத்தைப் பிடித்தாள். அடுத்த கையையும் எடுத்தாள். "இன்னும் எறா நாத்தம் போவல" என்றாள்.

நேராக இறங்கவில்லை. குறுக்காகப் போனோம், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு, ஏர் மாடு திரும்புவது மாதிரி. திரும்பும் இடத்தில் மட்டும் கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றியது. பின்னாலிருந்து அவள் சொல்லிக்கொடுத்தாள், "அகட்டுங்க, இன்னும் அகட்டுங்க, ஆங், மொறம்!" பயத்திலும் பாடம் மறக்கவில்லை. நான் "சாஞ்சிக்க, சாஞ்சிக்க" என்றேன். ஒலிபெருக்கியில் அந்த அம்மா "மொறோம்! மொறோம்!" என்று முழங்கினார். மலை முழுக்க அது எதிரொலித்தது. அடிவாரத்தில் நின்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். புதுச்சேரியில் கூடை, முறம் விற்கிற கடையில்கூட அத்தனை பேர் சேர்ந்து முறம் கேட்டிருக்க மாட்டார்கள்.

பாதி வழியில் என் பலகை மேல் அவள் பலகை ஏறியது. இரண்டு பேரும் சாய்ந்தோம். சொன்னபடியே சைடில் உட்கார்ந்து, அப்படியே நான்கைந்து அடி சறுக்கி நின்றோம். மங்கி கேப் அவள் கண்ணுக்கு மேல் இறங்கியிருந்தது. தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பதறிக் கேப்பைத் தூக்கினேன். சிரிப்பு. மூச்சு முட்டுகிற சிரிப்பு. எழுந்திருக்கப் பார்த்தால் சிரித்துச் சிரித்து மறுபடி விழுந்தாள், என்னையும் இழுத்துக்கொண்டு. சிரித்துக்கொண்டே இருக்கிற ஒருவரைத் தூக்கி நிறுத்தவே முடியாது. யாராவது முயன்று பாருங்கள்.

மிச்சத் தூரம் எப்படி இறங்கினோம் என்று எனக்குச் சரியாக நினைவில்லை. கடைசியில் சரிவு தானாகவே தட்டையாகி எங்களை மெதுவாகத் திடலில் விட்டது. மச்சான் ஃபோனைப் பிடித்துக்கொண்டு நின்றான், அவனுக்கும் சிரிப்பில் கை ஆடியது. தாத்தா கை தட்டினார். குடிசைச் சுவரில் மணி நாலே கால்.

"இன்னொரு தடவ?" என்றேன்.

கேட்டது நான்தான். எனக்கே என் குரல் அடையாளம் தெரியவில்லை. அவள் குனிந்து முட்டியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

"இருங்க. காலு வெடவெடங்குது. ஒரு வாய் சூப்பு குடிச்சிட்டு..."

"சூப்பு அப்புறம் குடிக்கலாம். கயித்த நிறுத்திடுவாங்க."

"ஒரு நிமிஷங்க!"

"பதினஞ்சு நிமிஷந்தான் இருக்கு. நாம மேல போயிச் சேரவே அஞ்சு நிமிஷம். நடுவுல கரண்டு போயிட்டா?"

"ஃபிரான்ஸ்ல எங்கங்க கரண்டு போவும்?" என்றாள். ஆனால் நிமிர்ந்துவிட்டாள். நான் கயிற்றடிக்குத் தத்திப்போய், அந்த அம்மாவுக்கு இரண்டு விரலைக் காட்டினேன். அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. ஒரு கழியை இழுத்து நீட்டினார். நான் அதை வாங்காமல் பக்கத்தில் ஒதுங்கி, "நீ மொதல்ல போ. நான் பின்னாடி வர்றேன். மேல போனதும் கைய விட்டுடணும், லாஷேன்னு சத்தம் வரும்" என்றேன்.

"எனக்குத் தெரியும். நான் முன்னாடியே போயிட்டு வந்தவ" என்று சொல்லிவிட்டு அவள் கிளம்பினாள். இந்த முறை இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள், நான் ஏறிவிட்டேனா என்று.